நானூற்று மூன்று

உள்ளே விட மறுக்கும்போது சொல்வதற்கு ஒரு சர்வர் இரண்டு எண்கள் வைத்திருக்கிறது. 401 என்றால் நீ யாரென்று தெரியவில்லை. 403 என்றால் விட முடியாது, யாராக இருந்தாலும் சரி. 1996 மே மாதம் வந்த எச்டிடிபி 1.0 என்ற வலை விதிகளிலேயே இரண்டும் தனித்தனி. 401 சொல்கிற சர்வருக்கு ஒரு கடமை உண்டு: எதைக் காட்டினால் விடுவேன் என்பதையும் அதே பதிலில் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். 403-க்கு அந்தக் கடமை இல்லை. எந்தச் சீட்டை நீட்டினாலும் பயனில்லை, இதே கோரிக்கையோடு மறுபடி வராதே என்றது அந்த விதி. காரணம் சொல்வதும் சொல்லாததும் சர்வரின் இஷ்டம். 1999-இல் திருத்தப்பட்டு வந்த விதிகள் இன்னும் ஒரு படி மேலே போயின. மறுப்பதையே வெளியில் காட்டிக்கொள்ள விருப்பமில்லாத சர்வர், அப்படியோர் இடமே இங்கே கிடையாது என்று 404 சொல்லிவிடலாம்.

இதையெல்லாம் எழுதியவர்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உட்கார்ந்திருந்த கணினிக்காரர்கள். அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்து ஆட்களிடம் வாசித்துக் காட்டியிருந்தால், இதில் புதிதாக என்ன இருக்கிறது என்றுதான் கேட்டிருப்பார்கள்.

எங்கள் மாவட்டத்தில் குமாரலிங்கபுரம் என்ற பெயர் இப்போது செய்தித்தாளில் வருகிறது. 2023 மார்ச்சில் பிரதமரின் மித்ரா திட்டத்தில் விருதுநகர் மாவட்டத்துக்கு ஒரு ஜவுளிப் பூங்கா அறிவித்தார்கள். இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கர். அதற்கு முன்னால் இந்தக் கரிசல் சீமை செய்தியில் அடிபட்டதெல்லாம் மழை பொய்த்த ஆண்டுகளிலும் பட்டாசு வெடித்த நாட்களிலும்தான். கண்மாய் நிறைந்தால் ஒரு வெள்ளாமை, நிறையாவிட்டால் வேலிக்கருவையை வெட்டிக் கரிமூட்டம். இரண்டும் இல்லாதவர்கள் தறிக்கோ தீப்பெட்டிக்கோ போனார்கள். அவர்கள் பிள்ளைகளில் ஒரு கூட்டம் பொறியியல் படித்துவிட்டு, எங்கோ ஒரு குளிரூட்டிய அறையில் ஓடிக்கொண்டிருக்கும் சர்வருக்கு வீட்டுத் திண்ணையில் இருந்தே பண்டுவம் பார்க்கிறது. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். என் தங்கை மகன் இன்னொருவன்.

பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்த அவன் போனில் அழைத்தான்.

"மாமா, அட்மின் பக்கத்துக்குள்ள விடமாட்டேங்குது. பாஸ்வேர்டக்கூட மாத்திப் பாத்துட்டேன்."

"என்ன நம்பர் காட்டுது?"

"நானூத்தி மூணு மாமா."

"பாஸ்வேர்டு கேட்டுட்டுச் சொல்லுச்சா, கேக்காமயே சொல்லுச்சா?"

கொஞ்சம் யோசித்தான். "கேக்கவே இல்ல மாமா. எடுத்த எடுப்புலயே நானூத்தி மூணு."

"அப்ப ஒன் பாஸ்வேர்டு மேல அதுக்கு ஒரு கொறையும் இல்லடா. நீ எங்கருந்து வர்றேங்கிறதுதான் பிடிக்கல."

அவன் பார்த்துக்கொண்டிருந்தது டாம்கேட். ஜாவாவில் எழுதிய வலைச் செயலிகளை ஓட்டுகிற சர்வர். சன் நிறுவனத்தில் ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் என்பவர் எழுதியது, 1999-இல் அப்பாச்சிக்குக் கொடையாக வந்தது. ஓரெய்லி பதிப்பகத்தார் தங்கள் கணினிப் புத்தகங்களின் அட்டையில் ஏதாவது ஒரு விலங்கைப் போடுவார்கள். தன் மென்பொருளுக்கும் ஒருநாள் புத்தகம் வரும், அட்டையில் கடுவன் பூனை இருக்கும் என்று ஆசைப்பட்டு டேவிட்சன் இந்தப் பெயரை வைத்தாராம். புத்தகம் 2003-இல் வந்தது. அதற்குள் பூனை வேறொரு புத்தகத்துக்குப் போய்விட்டதால் பனிச்சிறுத்தையைப் போட்டார்கள்.

டாம்கேட்டை நிறுவினால் அதோடு ஒரு மேலாளர் பக்கமும் வரும். எந்தச் செயலியை ஏற்றுவது, எதை நிறுத்துவது என்பதெல்லாம் அங்கே. அதற்குள் போக இரண்டு தடைகளைத் தாண்ட வேண்டும். ஒன்று, எல்லோருக்கும் தெரிந்த பெயரும் பாஸ்வேர்டும். இவை டாம்கேட்-யூசர்ஸ்.எக்ஸ்எம்எல் என்ற கோப்பில் இருக்கின்றன. இன்னொன்றுக்கு வால்வு என்றே பெயர். அது வேறு கோப்பில், மேலாளர் செயலியின் சொந்த கான்டெக்ஸ்ட்.எக்ஸ்எம்எல்லுக்குள் இருக்கிறது. வந்தவன் எந்த முகவரியிலிருந்து வருகிறான் என்று மட்டும் அது பார்க்கும். சர்வர் ஓடுகிற அதே மெஷினிலிருந்து, அதாவது 127 என்று தொடங்கும் வீட்டு முகவரியிலிருந்து வந்தால் விடும். பக்கத்து மேசையிலிருந்து வந்தாலும் விடாது. வால்வு முதலில் நிற்கிறது, பெயர் கேட்கிற ஆள் அதற்குப் பின்னால். ஆகவே வெளியிலிருந்து வருபவனிடம் யாரும் பெயரே கேட்பதில்லை. எந்த ஊர் என்று பார்த்த உடனேயே அனுப்பிவிடுகிறார்கள்.

பழகாதவர்கள் இங்கேதான் திணறுவார்கள். கடவுச்சொல்லை மாற்றுவார்கள், எளிதாக்கிப் பார்ப்பார்கள், கோப்பில் எழுத்துப்பிழை தேடுவார்கள், சர்வரை நிறுத்தி நிறுத்தி ஓட்டுவார்கள். யூசர்ஸ் கோப்பை எத்தனை தடவை சரிபார்த்தாலும் வால்வு அதில் இருக்கப்போவதில்லை. பெயர் கேட்கப்பட்டதா இல்லையா என்பதுதான் முதலில் கவனிக்க வேண்டியது. கேட்காமலே 403 என்றால் இடம் தடுக்கிறது. கேட்டுவிட்டு 403 என்றால் பெயரும் சொல்லும் சரி, ஆனால் அந்தப் பெயருக்கு வேலை ஒதுக்கவில்லை. கேட்டு, மறுபடி கேட்டு, கடைசியில் 401 என்றால்தான் பெயரிலோ சொல்லிலோ கோளாறு. வழிகள் சிக்கலானவை அல்ல. இடம் என்றால் எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான தொலை இணைப்பு வழியாகச் சுரங்கம் போட்டு அந்த மெஷினுக்குள்ளிருந்து வருவது போலவே வரலாம், அதுதான் ஒழுங்கு. வால்வையே கழற்றி எறிவது சோம்பேறித்தனம். இன்னொரு கூத்தும் உண்டு. சர்வருக்கு முன்னால் அதே மெஷினில் ஒரு ப்ராக்ஸியை, அதாவது ஓர் இடைத்தரகனை, நிறுத்தி வைத்து, அதற்கான அமைப்பைச் செய்யாமல் விட்டால், உலகத்தின் எந்த மூலையிலிருந்து யார் வந்தாலும் வீட்டு ஆளாகவே வால்வுக்குத் தெரியும்.

இவ்வளவு கெடுபிடி சும்மா வந்ததில்லை. 2009-இல் ஒரு குறை வெளிவந்தது. விண்டோஸில் டாம்கேட்டை நிறுவும் மென்பொருள் அட்மின் என்றொரு பயனரைத் தானாகவே உண்டாக்கி, அதற்கு வெற்றுப் பாஸ்வேர்டு வைத்துவிட்டது. 5.5, 6.0 வரிசைகளின் பல பதிப்புகளில் அப்படி இருந்தது. நிறுவியவர் கவனிக்காவிட்டால் பூட்டு தொங்கும், சாவி வேண்டாம். மேலாளர் பக்கத்துக்குள் வந்தவன் தான் எழுதிய செயலியையே ஏற்றி ஓட்டலாம், பிறகு அந்த மெஷினே அவனுடையது. இன்றைக்கு வரும் டாம்கேட்டில் யூசர்ஸ் கோப்பில் ஒரு பயனரும் கிடையாது. மாதிரிக்குக் கொடுத்திருக்கும் வரிகளையும் குறிப்பு அடையாளத்துக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள். புதியவர்கள் அந்த அடையாளத்துக்குள்ளேயே தங்கள் பெயரை எழுதிவிட்டு, சர்வர் ஏன் கண்டுகொள்ள மாட்டேன் என்கிறது என்று மண்டையை உடைத்துக்கொள்வது அன்றாடம் நடப்பது. சூடுபட்ட மென்பொருள் அப்படித்தான் இருக்கும். அதன்மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஆனால் பெயர் கேட்காமல் இடம் பார்த்து அனுப்புகிற அந்த வரிசை, இந்த மண்ணில் பிறந்த ஒருவனுக்கு வெறும் கணினிச் செய்தியாக மட்டும் இருக்க முடியாது.

அருப்புக்கோட்டைக்குத் தென்கிழக்கே இருக்கிறது கமுதி. 1897 மே மாதம் அங்குள்ள மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் நாடார்கள் சிலர் நுழைந்து வழிபட்டார்கள். கோயில் ராமநாதபுரம் சமஸ்தானத்தின் பொறுப்பில் இருந்தது. ராஜா பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். விவேகானந்தர் 1893-இல் சிகாகோ போக உதவிய அதே சேதுபதிதான். இந்த முரண்பாட்டைச் சுலபமாக விளக்கிவிட முடியாது, நானும் முயலவில்லை. வழக்கு மதுரையில் தொடங்கி சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போய், 1908-இல் லண்டன் பிரிவி கவுன்சிலில் முடிந்தது. தீர்ப்பு நாடார்களுக்கு எதிராக. வழக்கத்தில் அவர்களுக்கு அந்தக் கோயிலுக்குள் உரிமை இல்லை என்றார்கள். நடுவில் 1899 ஜூனில், இதே கோயில் நுழைவுப் பகையில் நாடார்களின் சிவகாசி சூறையாடப்பட்டது.

அந்த வழக்கில் யாரும் யாரைப் பார்த்தும் நீ யார் என்று கேட்கவில்லை. கமுதிக்காரர்களுக்குக் கமுதிக்காரர்களைத் தெரியும். அப்பன் பேர், பாட்டன் பேர், எந்தத் தெருவில் வீடு, என்ன வியாபாரம், எல்லாம் தெரியும். இவ்வளவும் தெரிந்ததால்தான் தடுத்தார்கள். அவர்கள் எந்தச் சாட்சியத்தை நீட்டியிருந்தாலும் கதவு திறந்திருக்காது. சரியான பாஸ்வேர்டு என்றொன்று அந்த வாசலில் இல்லவே இல்லை. கமுதி வாசலில் நடந்ததை 403 என்று நான் சொன்னால், சர்வரைப் பற்றிப் பேசுகிறேனா ஊரைப் பற்றிப் பேசுகிறேனா என்று எனக்கே குழப்பம் வரும்.

லண்டன் தீர்ப்புக்கு 31 ஆண்டு கழித்து, 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட சாதியினரை அழைத்துப் போனார். கக்கன் அவர்களில் ஒருவர், நாடார் ஒருவரும் இருந்தார். அதன் பிறகுதான் சட்டம் வந்தது. அந்த 1939 சட்டத்தின் தலைப்பிலேயே கோயில் நுழைவுக்கு அனுமதி என்பதோடு, நுழையவிட்டவர்கள்மேல் வழக்கு வராமல் காப்பது என்ற பொருளும் சேர்ந்திருந்தது. கதவைத் திறந்தவன் முந்திக்கொண்டான், விதி பின்னால் ஓடிவந்து அவனுக்குப் பாதுகாப்புக் கொடுத்தது. சர்வரில் இப்படி நடக்க வழியே இல்லை. அங்கே கோப்பை மாற்றி எழுதிய பிறகுதான் கதவு திறக்கும். மனிதர்கள் சில நேரம் கோப்பைப் பார்க்காமலே திறந்துவிடுகிறார்கள், அதுதான் அவர்களிடம் எனக்குப் பிடித்தது.

பெயர் சரி, சொல் சரி, ஆனால் வேலை ஒதுக்கவில்லை என்று ஒரு வகை மறுப்பைச் சொன்னேன். டாம்கேட்டில் பயனருக்கு அட்மின் என்று பெயர் வைத்தால் மட்டும் ஒன்றும் ஆகாது. அதிகாரம் பெயரில் இல்லை, ரோலில் இருக்கிறது. பழைய பதிப்புகளில் மேனேஜர் என்று ஒரே ரோல்தான். 7-ஆம் பதிப்பில் அதை நான்காகப் பிரித்தார்கள். திரையில் பார்த்து வேலை செய்ய ஒன்று, நிரல் மூலம் வேலை ஏவ ஒன்று, நிலவரம் மட்டும் பார்க்க ஒன்று, ஜேஎம்எக்ஸ் என்ற கண்காணிப்பு வழிக்கு ஒன்று. பழைய வழிகாட்டியைப் பார்த்து மேனேஜர் என்று மட்டும் எழுதியவன் புதிய சர்வரில் வெறும் பெயர்தாங்கி.

இதுவும் இந்தப் பக்கம் நடந்ததுதான். 1996-இல் ஊராட்சித் தலைவர் பதவிகளில் சில தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டன. மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், எங்கள் விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் ஆதிக்கச் சாதியினர் அதை ஏற்கவில்லை. பத்து ஆண்டு காலம் மனுத் தாக்கல் நடக்காது, நடந்தாலும் ஊர் சொன்ன ஆள் நிற்பார், ஜெயித்துப் பதவிப் பிரமாணம் எடுத்த கையோடு ராஜினாமா எழுதிக் கொடுப்பார். மறுபடி தேர்தல், மறுபடி ராஜினாமா. 2006-இல்தான் முறையாகத் தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியில் தங்கினார்கள். அந்தப் பத்து ஆண்டிலும் தேர்தல் ஆணையத்தின் கோப்பில் ஒரு பிழையும் இல்லை. பயனர் பெயர் இருந்தது, ரோல் இருந்தது, அரசியல் சாசனத்தின் 73-ஆவது திருத்தம் இருந்தது. வால்வு வேறு கோப்பில் இருந்தது. சட்டப் புத்தகத்தைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தவர்களுக்கு அது கண்ணில் படவில்லை.

ஆக, எங்கள் ஊர்களில் பல தலைமுறையாக மறுப்பு என்றால் 403-தான். யார் என்பதில் ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை, உரிமையில்தான் வந்தது. கிராமத்தில் அடையாளம் காட்ட வேண்டிய தேவை பிறத்தியானுக்கு மட்டும்தான். 401 என்பது எங்களுக்குப் புதுசு. அது ரேஷன் கடை வழியாக வந்தது.

2020 அக்டோபரில் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் விரல் ரேகை வைக்கச் சொன்னார்கள். எங்கள் பக்கத்து விரல்கள் எப்படிப்பட்டவை என்று சொல்ல வேண்டியதில்லை. தீப்பெட்டிக்குப் போன விரல், தறியில் இழை முடிந்த விரல், கருவை முள் வெட்டிய விரல், நூறு நாள் வேலையில் மண்வெட்டி பிடித்த விரல். வயதும் சேர்ந்தால் ரேகை மழுங்கிவிடுகிறது. ரேகை ஒத்துப்போகாவிட்டால் ஆதார் சர்வர் திருப்பி அனுப்பும் எண் 300. அந்த எண் திரையில் வரும்போது பேச்சு அநேகமாக இப்படிப் போகும்:

"அப்பத்தா, ரேகை விழுகல. வேற வெரல வைங்க."

"ஏண்டா, என்னைய ஒனக்குத் தெரியாதா? ஒங்காத்தாளுக்குப் பேறுகாலம் பாத்தவடா நான்."

"எனக்குத் தெரியுது அப்பத்தா. இதுக்குத் தெரியலயே."

மூன்று வரிதான். ஆனால் கமுதியில் நடந்தது இங்கே அப்படியே தலைகீழாகிவிட்டது. உரிமையில் யாருக்கும் சந்தேகமில்லை. அரிசி அவளுடையது, அட்டை அவளுடையது, அரசு ஒத்துக்கொள்கிறது, ஊர் ஒத்துக்கொள்கிறது. யாரென்று மட்டும் தெரியவில்லையாம். இதை முன்னேற்றம் என்று சொல்பவர்களோடு எனக்கு ஒரு பாதி உடன்பாடு உண்டு. சாதி பார்க்காத வாசல் என்பது சின்ன விஷயமில்லை. மெஷினுக்கு அவள் எந்தத் தெரு என்று தெரியாது, தெரிந்தாலும் அதை வைத்து நிறுத்தாது. மறுபாதியில்தான் தகராறு. தெருவைத் தெரியாத மெஷினுக்கு ஆளையும் தெரியாமல் போயிற்று. தெரிந்த மனிதன் பக்கத்திலேயே நிற்கிறான், அவன் சொல்லுக்கு மதிப்பில்லை.

கணினிப் பாஸ்வேர்டு பிறந்த இடத்திலும் ஒரு ரேஷன் இருந்தது. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்ஐடியில் ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ள ஃபெர்னாண்டோ கோர்பட்டோவும் கூட்டாளிகளும் ஒரு முறையை உருவாக்கினார்கள். ஆளுக்கு இவ்வளவு நேரம் என்று அளந்து கொடுக்க வேண்டியிருந்தது. அவரவர் கோப்புகளைக் காக்க ஆளுக்கொரு சொல். ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்துக்கு 4 மணி நேரம், அது போதவில்லை. 1962-இல் அவர் துளையட்டையில் ஒரு கோரிக்கை எழுதிப் போட்டு, எல்லோருடைய பாஸ்வேர்டும் இருந்த கோப்பையே அச்சிட்டு வாங்கிக்கொண்டார். பிறகு அடுத்தவர் கணக்கில் நேரம் எடுத்துக்கொண்டார். கடவுச்சொல்லின் வரலாறும் கடவுச்சொல் திருட்டின் வரலாறும் ஏறத்தாழ ஒரே வயது. திருடியவர் பசிக்காகத் திருடவில்லை, கணினி நேரத்துக்காகத் திருடினார். மற்றபடி ரேஷன் கடைக்குத் தேவையான அத்தனையும் அந்தக் கதையில் ஏற்கெனவே இருக்கிறது.

சொல் தெரிந்தவனை உள்ளே விடுவது என்று வைத்துவிட்டால், சொல்லை விலைக்கு வாங்கியவனையும் விட்டுத்தான் ஆக வேண்டும். 2018 ஜனவரியில் சண்டிகரின் டிரிப்யூன் பத்திரிகை ஒரு செய்தி வெளியிட்டது. ஒரு முகவருக்கு 500 ரூபாய் அனுப்பியதும் 10 நிமிடத்தில் செய்தியாளர் கையில் ஒரு லாகின் வந்துவிட்டது, ஆதார் எண்ணைப் போட்டால் பெயர், முகவரி எல்லாம் காட்டுகிற லாகின். கைரேகைத் தகவல் எதுவும் வெளியே போகவில்லை, குறைதீர்க்கும் அலுவலர்களுக்குக் கொடுத்த தேடும் வசதியை யாரோ தவறாகப் பயன்படுத்தியிருக்கலாம் என்றது ஆதார் ஆணையம். செய்தியாளர் பெயரையும் சேர்த்துக் காவல்துறையில் புகார் பதிவாயிற்று. அடுத்த ஆண்டு கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக வலையமைப்பில் இருந்த ஒரு கணினியில் தீநிரல் புகுந்தது. முதலில் மறுத்து, மறுநாளே 2019 அக்டோபர் 30 அன்று அணுமின் கழகம் ஒத்துக்கொண்டது. உலை இயங்கும் வலையமைப்பு தனி என்றும் சொன்னது. வெளியில் கிடைத்த அந்த நிரலைப் பிரித்துப் பார்த்த ஆய்வாளர்கள், கூடங்குளத்து அட்மின் கணக்கின் பெயர் அதற்குள்ளேயே எழுதப்பட்டிருந்ததைக் காட்டினார்கள். அப்பத்தாவைத் தெரியாத உலகத்துக்கு, சொல்லை விலைக்கு வாங்கியவனையும் திருட்டுத்தனமாகப் புகுந்தவனையும் தெரிந்திருக்கிறது.

இனி, என் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த, ஆனால் தொழிலுக்கு வெளியே பேசப்படாத ஒரு விஷயம். வாசலில் சொல்கிற காரணமும் உள்ளே எழுதுகிற காரணமும் ஒன்றல்ல.

டாம்கேட்டில் லாக்அவுட் ரெல்ம் என்றொரு காவல் இருக்கிறது. ஒரே பெயரில் தொடர்ந்து 5 முறை தவறான பாஸ்வேர்டு கொடுத்தால் 300 நொடிக்கு அந்தப் பெயரையே பூட்டிவிடும். அந்த 300 நொடிக்குள் சரியான பாஸ்வேர்டைக் கொடுத்தாலும் விடாது. தவறானதைக் கொடுத்தால் கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடும். சரியானதைக் கொடுத்தால் கடிகாரத்தைத் தொடாது, ஆனால் உள்ளேயும் விடாது. சரியான சொல்லோடு ஒருவர் வந்தார் என்று அதற்குத் தெரியும் என்பதுதான் இதன் பொருள். தெரிந்துகொண்டே வழக்கமான 401-ஐக் காட்டுகிறது. பூட்டிய பெயரில் ஒருவர் முயன்றார் என்ற உண்மைக் காரணத்தை லாக் கோப்பில் எழுதி வைத்துக்கொள்கிறது. பெயர் தவறா, சொல் தவறா, நேரம் தவறா என்று வாசலில் பிரித்துச் சொன்னால் திருடனுக்குப் பாடம் எடுத்தது போலாகிவிடும். ஆகவே வெளியே ஒரே பதில், உள்ளே முழு விவரம். இந்த நியாயத்தை நான் மறுக்கவில்லை. இருபது வேறு சர்வர்களில் நானே அப்படித்தான் அமைத்துக் கொடுப்பேன்.

ஆனால் எனக்கு ஒரு வசதி இருக்கிறது. வாசலில் என்ன சொன்னாலும், பின்பக்கமாகப் போய் லாக் கோப்பைத் திறந்து படித்துவிடுவேன். அட்மினுக்கு மறுக்கப்பட்ட லாகின் எரிச்சலோடு முடிந்துவிடும், பட்டினியில் கொண்டுபோய் விடாது. தங்கை மகனுக்கு ஒரு தேநீர் நேரத்தில் வேலை முடிந்தது. இன்னொன்றையும் டாம்கேட்டுக்காகச் சொல்ல வேண்டும். அதன் மேலாளர் பக்கம் காட்டுகிற 403 வெறும் எண்ணல்ல. இந்தப் பக்கம் அதே மெஷினிலிருந்து மட்டும் திறக்கும், மாற்ற வேண்டுமானால் இந்தக் கோப்பில் இந்த வரியைப் பார், ரோல்கள் இன்னின்ன என்று அந்தப் பக்கமே விளக்கி எழுதியிருக்கிறது. அவன் அதைப் படிக்கவில்லை. எண்ணைப் பார்த்த உடனே படிப்பதை நிறுத்திவிட்டான், நம்மில் முக்கால்வாசிப் பேர் செய்வதுதான்.

அப்பத்தாவுக்குப் பின்பக்க வழி எதுவும் கிடையாது. அவளை மறுத்த எண், மறுத்த நேரம், எந்த மெஷின், எல்லாம் ஏதோ ஒரு சர்வரில் பதிவாகியிருக்கிறது. படிக்கக்கூடியவர்கள் ஊரில் இல்லை. 2017 செப்டம்பரில் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்துபோனாள். ஆதாரோடு இணைக்காததால் அந்தக் குடும்பத்தின் ரேஷன் அட்டை ரத்தாகியிருந்தது. பட்டினிச் சாவு என்றார் தாய், மலேரியா என்றது அரசு. அடுத்த மாதம் 24-ஆம் தேதி ஆதார் ஆணையம் ஒரு சுற்றறிக்கை விட்டது. ரேகை ஒத்துப்போகவில்லை என்பதற்காக யாருக்கும் பொருளை மறுக்கக் கூடாது, கருவிழி, கைபேசி ஓடிபி என்று வேறு வழிகளைப் பார்க்க வேண்டும், அதுவும் முடியாவிட்டால் அட்டையைப் பார்த்துக் கொடுத்துவிட்டுத் தனிப் பதிவேட்டில் குறித்துக்கொள்ள வேண்டும் என்றது. நல்ல உத்தரவு. ஆனால் அது கடைக்காரருக்கும் அதிகாரிக்கும் எழுதப்பட்டது. வரிசையில் நிற்பவர் கைக்கு அதில் ஒரு காகிதமும் வருவதில்லை.

1996-இல் 401-க்குப் போட்ட நிபந்தனையை இங்கே கொண்டுவந்தால் போதும் என்பது என் கட்சி. தெரியவில்லை என்று சொல்கிறவன், எதைக் கொண்டுவந்தால் தெரியும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இப்போது பொருள் வாங்கினால் அரிசி இத்தனை கிலோ, சர்க்கரை இத்தனை என்று கைபேசிக்குக் குறுஞ்செய்தி வருகிறது. வெறுங்கையோடு திரும்பினால் ஒன்றும் வருவதில்லை. அதற்கும் ஒன்று வரட்டும்: இன்ன தேதி, இன்ன கடை, ரேகை ஒத்துப்போகவில்லை, கருவிழி வைத்துப் பாருங்கள், அதுவும் ஆகாவிட்டால் அட்டையைக் காட்டியே வாங்க உங்களுக்கு உரிமை உண்டு, கடைக்காரர் பதிவேட்டில் குறிக்க வேண்டும். தமிழில். கைபேசி இல்லாதவருக்கு அந்த விற்பனை மெஷினே ஒரு துண்டுச் சீட்டை அச்சடித்துத் தரட்டும், பொருளுக்குப் பில் அடிக்கிற அதே மெஷின்தானே. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 300 என்ற எண் ஏற்கெனவே மாநில சர்வருக்கு வந்து சேர்கிறது, அட்டைக்கு உரிய கைபேசி எண்ணும் அங்கேயே இருக்கிறது. இரண்டையும் சேர்த்து ஒரு வரி அனுப்புவது என் தங்கை மகனுக்கு ஒரு சாயங்கால வேலை.